ஒரு சேவலுக்கு மீட்கப்பட்ட சம்மாட்டி

தாழ்வுபாட்டுக் கரையில் அந்தோனிச் சம்மாட்டி என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் என் வீட்டைக் காட்டும். சம்மாட்டி என்றால் படகு முதலாளி. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பதினொரு வயதில் கரைவலைக் கயிறு இழுத்த கை இது. இன்றைக்கு ஆறு படகு, ஒரு ஐஸ் ஆலை, மீன் ஏற்றுகிற ஒரு கூலர் லொறி. எல்லாம் நான் தனியாக நின்று தேடியவை. எவரும் எனக்கு ஒரு முழக் கயிறுகூடச் சும்மா தந்ததில்லை. நானும் எவரிடமும் சும்மா வாங்கியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

இந்த வருடம் என் நெஞ்சை நடுவால் பிளந்து, இதயத்தை நிறுத்தி, பழுது பார்த்து, திரும்ப ஓடவிட்டுத் தைத்து அனுப்பியிருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் இருந்து சொல்லச் சொல்கிறார்கள். சொன்னால் மூச்சு வாங்குகிறது. அதனால் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினேன். எழுத்துப் பிழைகளை மகள் மெற்றில்டா திருத்தினாள், அவள் ரீச்சர். பெருமைகளைத் திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

தொடங்கியது ஒரு காலையில். படகுகள் கரைக்கு வந்து, பாரை மீன் நிறைய விழுந்திருந்த நாள். ஐஸ் கட்டி ஒன்றைத் தூக்கப் பையன்கள் இரண்டு பேர் திணறினார்கள். "தள்ளுங்கோடா" என்று நானே தூக்கினேன். வைத்து நிமிர்ந்தபோது தாடையில் ஒரு வலி. பல்வலி என்று நினைத்தேன். அது இடது தோளுக்கு இறங்கி முழங்கைக்கு வந்தது. ஐஸுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், வேர்வையில் சேட்டு நனைந்து ஒழுகுகிறது. இஞ்சிப் பிளேன்ரீ குடித்தேன். வாய்வு என்றால் அதில் போய்விடும். போகவில்லை.

என் மனைவி பிலோமினா முகத்தைப் பார்த்த உடனே ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

"எனக்கு ஒண்டுமில்லை. நான் நடந்தே போவன்" என்றேன்.

"நடந்து போங்கோ. நான் ஓட்டோவில போய் உங்களுக்கு முதல் அங்க அழுதுகொண்டு நிக்கிறன்" என்றாள்.

ஏறிவிட்டேன்.

மன்னார் ஆஸ்பத்திரியில் நெஞ்சிலும் கை கால்களிலும் வயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள். அதுதான் ஈசீஜி, இதயம் ஓடுகிற ஓட்டத்தைக் கடதாசியில் கோடு கோடாகக் காட்டும். என் பேத்தி வயது மாதிரித் தெரிந்த ஒரு டொக்டர் பிள்ளை கோட்டைப் பார்த்தது. "ஐயா, இது மாரடைப்பு" என்றது. இதயம் உடம்பு முழுக்க இரத்தம் இறைக்கிற பம்ப். அந்தப் பம்புக்கும் சாப்பாடு வேண்டும். அதற்கு அதன் மேலேயே சின்னக் குழாய்கள் ஓடுகின்றன. அதில் ஒன்று அடைத்துவிட்டதாம். அடைப்பைக் கரைக்க ஓர் ஊசி போட்டார்கள். வலி கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது, கடல் வற்றுகிற மாதிரி.

அங்கிருந்து அம்புலன்ஸில் யாழ்ப்பாணம். அங்கே அஞ்சியோகிராம் செய்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. மணிக்கட்டில் ஒரு துளை போட்டு, மெல்லிய குழாயை இதயம் வரைக்கும் விட்டு, மை ஊற்றிப் படம் பார்ப்பது. நானும் திரையில் பார்த்தேன். மூன்று இடத்தில் மை போகாமல் நின்றது. அதில் ஒன்று மற்றக் குழாய்கள் எல்லாம் பிரிகிற தாய்க் குழாய்.

"பைபாஸ் செய்யவேணும் ஐயா" என்றார் பெரிய டொக்டர். "காலில இருந்து ஒரு நாளம் எடுத்து, அடைப்புக்கு அங்கால கொண்டுபோய்த் தைப்பம். புதன்கிழமை உங்களுக்கு இடம் இருக்கு."

"நான் கொழும்பில காசு கட்டிச் செய்யிறன்" என்றேன். "எனக்குச் சும்மா வேண்டாம்."

"அந்த ஓட்டம் ஓட உங்கட தாய்க் குழாய் விடாது. இதுவும் சும்மா இல்லை ஐயா, நாங்கள் எல்லாரும் சேந்து வேலை செய்யிறம். காசு மட்டும்தான் இல்லை."

பில் இல்லாத ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது எனக்குப் பெரிய சங்கடம். கட்டில் சும்மா, மருந்து சும்மா, சோறு சும்மா. அறை துடைக்கிற பெடியனுக்குக் கையில் ஏதாவது வைக்கப் பார்த்தேன். அவன் சிரித்துக்கொண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். முதல் இரண்டு நாளும் எனக்கு நெஞ்சுவலியைவிட அதுதான் வலித்தது.

சனிக்கிழமை என் அக்கா றோசம்மா தாழ்வுபாட்டில் இருந்து பஸ் ஏறி வந்தாள். எண்பது வயது. எனக்கு மூத்தவள் ஒன்பது வருடம். கட்டிலில் இருந்து என் கையைப் பிடித்தாள். பிடித்ததும் அழத் தொடங்கினாள்.

"தம்பி, ஒண்டு சொல்லவேணும். இனியும் சொல்லாட்டி எனக்குப் பாவம். உன்னை இன்னும் மீட்கேல்லையடா."

இதை வெளியூர் ஆட்களுக்காக விளக்கிச் சொல்லவேண்டும். எங்கள் கரையில் தப்பாது என்று நினைக்கிற நோயாளிப் பிள்ளையை அந்தோனியார் சிற்றாலயத்துக்குக் கொண்டுபோய்ச் சுருவத்தின், அதாவது அவருடைய சிலையின், காலடியில் பாய் விரித்துக் கிடத்துவார்கள். "இது இனி எங்கட பிள்ளை இல்லை, உம்முடைய பிள்ளை" என்று சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். பிள்ளை தப்பினால், நேர்ந்த பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தோனியாரிடம் இருந்து பிள்ளையை மீட்டெடுக்க வேண்டும். அதற்கு முறை இருக்கிறது. கொடுத்த தாய் தகப்பன் மீட்க முடியாது. வேறு ஒருவர் மீட்டுக் கொண்டுவந்து தாயின் மடியில் வைக்க வேண்டும். பிறகு பிள்ளைக்கு முதல் சோறு, மீட்டவர் வீட்டில்தான்.

நான் எட்டு மாதப் பிள்ளையாக இருக்கும்போது வயிற்றோட்டத்தில் கண் சொருகிவிட்டதாம். அம்மா என்னைக் கொடுத்துவிட்டாள். பால்குடிப் பிள்ளை என்றபடியால் அந்தோனியாரிடம் இரவலாகத்தான் வாங்கி வந்திருக்கிறாள். நான் தப்பினேன். நேர்த்தி ஒரு சேவல். ஆனால் திருவிழா வருவதற்கு முதல் என் தகப்பன் கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த வருடம் விட்டுப்போயிற்று. அடுத்த வருடம் வீட்டில் சேவலும் இல்லை, கேட்கிற மனமும் இல்லை. அப்படியே எழுபது வருடம்.

"அம்மா கண் மூடேக்க என்ர காதுக்குள்ள சொன்னவ" என்றாள் அக்கா. "நீ பெரிய ஆளா வந்திட்டாய். உன்னட்டச் சொல்லப் பயமாக் கிடந்தது."

பிலோமினா வாயில் கை வைத்தாள். "அப்ப நாப்பத்தாறு வருசமா நான் அந்தோனியாரிட்ட இரவல் வாங்கின சாமானையோ வச்சிருக்கிறன்? சொல்லியிருந்தா எப்பவோ திருப்பிக் குடுத்திருப்பனே!"

பக்கத்துக் கட்டிலில் இருந்த எருக்கலம்பிட்டி முஸ்லிம் நானா சிரித்த சிரிப்பில் அவருடைய மெஷின் கீக் கீக் என்று கத்த, நேர்ஸ் மிஸ் ஓடி வந்தா.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மூன்று தரம் படகு கவிழ்ந்து மூன்று தரமும் தப்பியவன் நான். அதை என் நீச்சல் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அந்தோனியார் தன்னுடைய பொருளைத்தான் காப்பாற்றியிருக்கிறார் போல! இப்போது, "வச்சிருந்தது காணும், என்ர பிள்ளையைத் தா" என்று கேட்கிறாரோ? மீட்கப்படாதவனாக மேசையில் ஏறி, இதயத்தை நிறுத்திவிட்டால், திரும்ப ஓடவிடச் சொல்லி யார் கேட்பது? அன்று இரவு கண் மூடவே இல்லை. முடிவெடுத்தேன். மீட்காமல் என் நெஞ்சில் கத்தி வைக்க விடமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மூத்த மகன் யூட்டுக்குப் போன் எடுத்தேன். "ஒரு சேவல் என்னடா, இருபது வாங்கு. எழுபது வருசத்துக்குச் சேத்து அந்தோனியாருக்கு வட்டியும் முதலுமாக் குடு."

யூட் இருபது சேவலைக் கூலர் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்ச் சிற்றாலய வாசலில் இறக்கினான். மத்தியானம் அவனிடம் இருந்து போன் வந்தது.

"அப்பா, மாமி விடுறா இல்லை. இருபதையும் திருப்பி ஏத்தச் சொல்லுறா. ரெண்டு ஓடியும் போச்சு."

"ஏனாம்?"

முதல் நாள் பின்னேர பஸ்ஸிலேயே ஊருக்குத் திரும்பியிருந்த அக்காவே போனை வாங்கினாள். "அந்தோனி, உன்ர காசில வாங்கின கோழியைக் குடுத்து உன்னை மீட்கிறதோ? அது நீயே உன்னை மீட்கிறது. தன்னைத்தானே மீட்கிற முறை எங்க இருக்கு? மீட்கிற ஆள் தன்ர வீட்டில வளந்ததைத் தன்ர கையால குடுக்கவேணும்."

"அப்ப யூட்டின்ர வீட்டுச் சேவல்?"

"வீடு நீ கட்டிக் குடுத்தது. கோழிக்குத் தீன் உன்ர ஐஸ் ஆலைக் காசு."

"நீ குடன் அக்கா."

"என்ர கூரைக்கு ஓடு ஆர் போட்டது? ஊருக்கே சொன்னியே, மறந்திட்டியோ?"

எழுபத்தொரு வயதில் முதல் தரமாக, நான் செய்த உபகாரங்களை எல்லாம் சொல்லித் திரிந்தது பிழையோ என்று நினைத்தேன். கரையில் எந்த வீட்டைப் பார்த்தாலும் என் காசு எங்கேயாவது ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை காலை மிஸ் ஒப்பரேஷனுக்குச் சம்மதம் என்று ஒப்பம் வைக்கிற கடதாசியைக் கொண்டுவந்தா. நான் வைக்கவில்லை. பெரிய டொக்டர் வந்தார்.

"ஐயா, நாளை மறுநாள் ஒப்பரேஷன். இந்தத் திகதி போனா உங்கட இடம் இன்னொராளுக்குப் போகும். பிறகு எப்ப எண்டு சொல்ல ஏலாது. அந்தக் குழாய் அதுவரைக்கும் காத்திருக்குமோ எண்டும் சொல்ல ஏலாது."

"நாளைக்குப் பின்னேரம் வரைக்கும் தாங்கோ" என்றேன். செவ்வாய் அந்தோனியாரின் நாள். மீட்பதானால் அதைவிட நல்ல நாள் இல்லை.

அவர் கடதாசியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிலோமினா அதன் மேல் தண்ணீர்ப் போத்தலை வைத்தாள், காற்றில் பறக்காமல். வைத்த போத்தலைத் திரும்பவும் மூன்று தரம் நகர்த்தி வைத்தாள். அப்போதுதான் பார்த்தேன், இவ்வளவு நாளும் பகிடி விட்டுக்கொண்டிருந்தவளுக்கு என்னைவிடப் பயம்.

பத்து மணி போல ஆஸ்பத்திரிக்கு வருகிற பாதர் நோயில் பூசுதல் கொடுக்க வந்தார். இளம் பாதர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே என் கதை முழுவதையும் கேட்டார்.

"ஞானஸ்நானம் எடுத்தனீங்கள்தானே?"

"பிறந்து பத்தாம் நாள்."

"அப்ப நீங்கள் மீட்கப்பட்டாச்சு. ஆண்டவர் சிலுவையில தன்னையே குடுத்து மீட்டாச்சு. அந்த வேலை முடிஞ்சுது. மிச்சம் ஒண்டுமில்லை."

"என்னைக் கேக்காமலோ?"

"எட்டு மாசத்தில உங்கட அம்மா உங்களைக் கேட்டோ பால் தந்தவ?"

கோயிலில் மீட்பர், மீட்பு என்று எழுபது வருடம் கேட்டிருக்கிறேன். அது மற்றவர்களுக்கான சொல் என்றுதான் நினைத்தேன். குடித்து விழுந்து கிடக்கிறவன், தொழிலில் கெட்டுப்போனவன், யாராவது தூக்கிவிட வேண்டியவன். நான் யார்? நானே எழும்பி நின்றவன்.

"சரி பாதர். அதுக்கு நான் என்ன குடுக்கவேணும்? சிற்றாலயத்துக்கு முழுக்க மாபிள் போட்டுத் தாறன்."

"போடுங்கோ, நல்லது. வயசுபோன ஆக்கள் வழுக்காத மாபிளாப் பாத்துப் போடுங்கோ. ஆனா அதைக் குடுத்து இதை வாங்க ஏலாது. இது விக்கிற சாமான் இல்லை."

"அப்ப நான் என்னதான் செய்யிறது?"

"வாங்கிக்கொள்ளுங்கோ" என்றார் பாதர். "உங்களுக்கு அது ஒண்டுதான் தெரியாது போல கிடக்கு."

ஒரு பெடியன் என்னைப் பார்த்து இப்படிச் சொல்வதா என்று கோபம் வந்தது. நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

"அப்ப சேவல் வேண்டாமோ பாதர்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "சேவல் உங்களை மீட்காது. அதுக்கு அவ்வளவு பலமில்லை. ஆனா இன்னொராள் உங்களுக்காகத் தன்ர கையில இருந்து ஒண்டைக் குடுக்க, நீங்கள் பேசாமப் பாத்துக்கொண்டு கிடந்தா, ஆண்டவர் செய்தது என்னெண்டு உங்களுக்கு விளங்கலாம். செய்யுங்கோ. நான் தடுக்கமாட்டன்."

"ஆர் செய்தாலும் பரவாயில்லையோ?"

"ஆர் செய்தாலும்."

அவர் நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசிச் செபம் சொல்லிவிட்டுப் போனார். நான் பிலோமினாவைப் பார்த்தேன்.

"என்ர காசு படாத ஆள் ஆரடி இருக்கு இந்த உலகத்தில?"

அவள் உடனே சொன்னாள். அவளுக்கு முதலே தெரிந்திருக்கிறது. "ஒராள் இருக்கிறார். வெளியில வாங்கில இருக்கிறார். சுடுதண்ணிப் போத்தலோட."

மெற்றில்டாவின் புருஷன். சிவநேசன். நறுவிலிக்குளத்து நெல்லுக்காரன். சைவ சமயத்தவன். கடலைக் கண்டால் தலை சுற்றுகிறவன். மகள் அங்கே படிப்பிக்கப் போய் அவனை விரும்பிக் கட்டி ஒன்பது வருடமாகிறது. சீதனமாக நான் ஒரு சதமும் கொடுக்கவில்லை, ஒரு நகையும் கொடுக்கவில்லை. அதையும் கரை முழுக்கப் பெருமையாகத்தான் சொன்னேன். மகளும் பேத்தியும் நத்தார்ப் பண்டிகைக்கு வருவார்கள். அவன் வாசல் படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் இருந்து இறக்கிவிட்டுப் போவான். அவன் வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. அவன் பெயரை என் வாயால் சொன்னதும் இல்லை. "அந்த ஆள்" என்பேன்.

மகன்மார் இருவரும் தொழிலை விட்டுவிட்டு வரமுடியாமல் நிற்க, இந்த ஆள்தான் யாழ்ப்பாணத்துக்கு வந்து, முதல் நாளில் இருந்து வெளியே கிடக்கிற நீட்டு மர வாங்கில் இருந்திருக்கிறான். நான் குடித்த சுடுதண்ணீர் எல்லாம் அவன் வாங்கி வந்தது. நான் பிலோமினா வாங்கியது என்று நினைத்துக் குடித்திருக்கிறேன்.

கட்டிலில் இருந்து வாசல் பன்னிரண்டு எட்டு நடை. கடலில் பன்னிரண்டு மைல் நீந்தினாலும் எனக்கு அவ்வளவு களைத்திருக்காது. என்னைக் கண்டதும் அவன் துள்ளி எழும்பினான்.

"மாமா! ஏன் எழும்பி வந்தனீங்கள்? கோப்பி வேணுமோ?"

"தம்பி" என்றேன். ஒன்பது வருடத்தில் முதல் சொல். "எனக்கு ஒரு சேவல் வேணும்."

அவன் முழித்தான். "சூப்புக்கோ மாமா? டொக்டர் விடமாட்டார்."

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவன் போத்தலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு சொல்லாவது குத்துவான் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் குத்தியிருப்பேன். ஒன்பது சொல் குத்தியிருப்பேன்.

"எங்கட வீட்டில ஒண்டு நிக்குது" என்றான். "சிவப்பு. நல்ல உயரம். ஆனா பொல்லாதது மாமா, வாற போற ஆக்களைக் கொத்தும்."

"பரவாயில்லை."

"உங்களுக்குப் பொருத்தம்தான்" என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது விளங்கி நாக்கைக் கடித்தான். நான் சிரித்துவிட்டேன். ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"நான் சைவம் மாமா. ஒண்டும் பிழை வராதோ?"

"ஆர் செய்தாலும் சரியாம். பாதரிட்டக் கேட்டாச்சு."

"அப்ப பின்னேர பஸ்ஸில போறன். நாளைக்குக் காலமை சேவலோட தாழ்வுபாட்டில நிப்பன்." போத்தலை என் கையில் தந்துவிட்டுப் போனான். சூடாக இருந்தது.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு, பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு விடிய பஸ் ஏறி வந்திருந்த மெற்றில்டா என் தலைமாட்டில் இருந்து போனைப் பிடித்தாள். வீடியோவில் சிற்றாலயம் தெரிந்தது. மீட்கப்பட வேண்டிய பிள்ளை யாழ்ப்பாணத்தில் கிடப்பதால், அக்கா நான் இடுப்பில் கட்டுகிற பழைய சாரம் ஒன்றை மடித்து அந்தோனியாரின் காலடியில் பாயில் கிடத்தியிருந்தாள். அதைத் தோய்த்துக் காயவைத்துத்தான் கொண்டுவந்தாளாம். "அந்தோனியாருக்கு முன்னால உன்ர மீன் வெடில் நாத்தத்தோட கிடத்த ஏலுமோ" என்று பிறகு சொன்னாள்.

நேசன் வேட்டியோடு வந்து நின்றான். நெற்றியில் திருநீறு. கக்கத்தில் சிவப்புச் சேவல். அது அக்காவைக் கண்டதும் கொத்தியது.

"சனியன்!" என்றாள் அக்கா. பிறகு சுருவத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு கேட்டாள். "ஆரிட்ட இருந்து மீட்கிறீர்?"

"அந்தோனியாரிட்ட இருந்து."

"என்ன குடுத்து?"

"என்ர வீட்டில வளந்த சேவலைக் குடுத்து."

"ஆரை?"

நேசன் சாரத்தைக் குனிந்து பார்த்தான். "என்ர மாமாவை."

என்ர என்றான். நான் ஒரு நாளும் அவனை என்னுடைய என்று சொன்னதில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்ததை மருந்தின் வேலை என்று மெற்றில்டாவிடம் சொன்னேன். அவன் சேவலைச் சுருவத்தடியில் விட்டு, சாரத்தை இரண்டு கையாலும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரித் தூக்கினான். அம்மா இல்லாதபடியால் அக்காவின் மடியில் வைத்தான். சேவல் பலிபீடப் படியில் ஏறி நின்று ஒரு கூவு கூவியது. வாட் முழுக்கக் கேட்டது. எருக்கலம்பிட்டி நானா "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். மிஸ்மார் கைதட்டினார்கள்.

நான் ஒன்றும் செய்யவில்லை. சும்மா கிடந்தேன். எழுபத்தொரு வயது வரைக்கும் நான் செய்யாத வேலை அது. பாதர் சொன்னது கொஞ்சம் விளங்கியது.

ஆனால் என் குணம் என்னை விட்டு எங்கே போகும்? ஐந்து நிமிடத்தில் மெற்றில்டாவிடம் கேட்டேன்: "ஆறு படகுச் சம்மாட்டியை மீட்க ஒரு சேவல் காணுமோ? கொஞ்சம் மலிவாப் போயிட்டன் போல கிடக்கு." அவள் ஒரு மாதிரிப் பார்த்தாள். தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி, கடதாசியை எடுத்துத் தந்தாள். முழுப்பெயரையும் எழுதி ஒப்பம் வைத்தேன்.

புதன்கிழமை மேசையில் ஏறும்போது டொக்டரிடம் கேட்டேன். "என்ஜினை நிப்பாட்டினா, திருப்பி ஸ்ராட் வருமோ?"

"இழுத்துப் பாப்பம் சம்மாட்டி" என்றார் முகமூடிக்குள்ளால். நல்ல மனுஷன்.

என் இதயம் நின்ற நேரம் முழுக்க வெளியே ஒரு மெஷின் என் இரத்தத்தை வாங்கி, மூச்சுக் கொடுத்துத் திருப்பி அனுப்பியதாம். எனக்கு ஒன்றும் தெரியாது. கண் திறந்தபோது ஐசியு. தொண்டைக்குள் குழாய். பேச முடியாது. நான் வாயைத் திறக்காமல் இருந்த ஒரே நாள் என்று பிலோமினா அந்த நாளுக்கு நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்திருக்கிறாள். நெஞ்சில் ஒரு படகை ஏற்றி வைத்த மாதிரிப் பாரம். தாகம் என்றால் அப்படியொரு தாகம். மிஸ் நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்தா. அந்தத் துளிக்கு ஈடாக ஒன்றும் கொடுக்க என்னிடம் இல்லை. கையில் மோதிரம்கூட இல்லை. சும்மா வாங்கினேன். இனித்தது.

பிறகு வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று இரண்டு விஷயம் சொல்கிறேன். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். தையல் பிரிந்துவிடும் என்ற பயம் போகும். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்ரிக் பெட்டி தருவார்கள். அதில் மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை எழுப்ப வேண்டும், நுரையீரல் சுருங்காமல் இருக்க. மற்றவர்கள் மூன்றாவது பந்தை எழுப்ப ஒரு கிழமை எடுக்கும். நான் மூன்றாம் நாளே எழுப்பினேன். மிஸ்ஸைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு விட்ட அன்று யூட் வான் வண்டி ஒன்றைக் கொண்டுவந்தான். மன்னார்ப் பாலம் தெரிந்ததும், "ஏறாத, திருப்பு. நறுவிலிக்குளம் போ" என்றேன். மீட்டவர் வீட்டில்தானே முதல் சோறு.

நேசனின் வீடு வயலோரம், சின்ன வீடு. ஒன்பது வருடம் நான் பார்க்காத வீடு. அவன் ஓடி வந்து என் கையைப் பிடித்து இறக்கினான். கதிரையில் தலையணை போட்டிருந்தார்கள். அவனுடைய வயல் நெல்லில் குத்திய அரிசிச் சோறு, உப்புக் குறைத்த பருப்பு, முருங்கையிலைச் சுண்டல். பாதித் தட்டு முடிந்ததும், எனக்குள் இருந்த சம்மாட்டி எழும்பினான்.

"தம்பி, உமக்கு ஒரு உழவு மெஷின் வாங்கித் தரப்போறன்."

"வேண்டாம் மாமா. நீங்கள் திருப்பித் தந்தா, நான் உங்களுக்கு வித்த மாதிரி எல்லோ போகும்?"

"ஒரு சேவல்தானே குடுத்தனீர். நான் அதைவிட..."

"அது அப்பான்ர சேவல் இல்லை" என்றது ஒரு குரல். ஏழு வயதுப் பேத்தி அனுஷா, கையில் அகப்பையோடு நின்றாள். "என்ர சேவல்."

மெற்றில்டா "பிள்ளை, பேசாம இரு" என்றாள். நான் கையைக் காட்டி அவளை நிறுத்தினேன்.

"குஞ்சில இருந்து நான்தான் வளத்தனான்" என்றாள் அனுஷா. "அப்பா பஸ்ஸால வந்து கேட்டவர். நான் தரமாட்டன் எண்டு அழுதனான். அப்பாவும் என்னோட இருந்து அழுதவர். பிறகு குடுத்தனான்."

"ஏன் பிள்ளை குடுத்தனீ?"

இவ்வளவு பெரிய ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். "நீங்கள் எங்கட அம்மப்பாதானே."

எனக்குப் பேச்சு வரவில்லை. இந்த முறை தொண்டையில் குழாயும் இல்லை. மலிவாகப் போய்விட்டேன் என்று சொன்னவன் நான். அந்தத் தகப்பன் தன் பிள்ளையின் கண்ணீரைப் பார்த்துக்கொண்டே, ஒன்பது வருடம் தன் பெயர் சொல்லாத ஒருவனுக்காக வாங்கிக் கொடுத்திருக்கிறான். பாதர் சொன்ன மிச்சமும் அப்போது விளங்கியது. அதை எழுத எனக்கு நாலாம் வகுப்புப் படிப்புக் காணாது.

அனுஷா என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டாள். "சாப்பிடுங்கோ அம்மப்பா. ஆறுது." சாப்பிட்டேன். கேட்டு வாங்கி இன்னொரு தரமும் சாப்பிட்டேன்.

சேவல் இப்போது சிற்றாலய வளவில் நிற்கிறது. மற்ற நேர்த்திக் கோழிகளைப் போல அதையும் திருவிழாவில் ஏலம் விட அக்கா நினைத்தாள். கொத்துப்பட்ட ஒருவரும் கேட்க வரமாட்டார்கள் என்று விட்டுவிட்டாள். செவ்வாய்க்கிழமைகளில் நேசன் அனுஷாவைக் கூட்டிக்கொண்டு வருவான். படலைக்கு வெளியே நிற்பதில்லை. உள்ளே வந்து என்னோடு பிளேன்ரீ குடிப்பான். பிறகு மூன்று பேரும் ஒரு பிடி நெல்லோடு சிற்றாலயத்துக்குப் போவோம். சேவல் அவள் கையில் மெதுவாகப் பொறுக்கும். என் கையில் கொத்தும். நான் கையை எடுப்பதில்லை.

மீன் வாங்க வருகிற புது ஆட்கள் இப்போதும் கேட்பார்கள்: "சம்மாட்டி, இதெல்லாம் நீங்கள் தனிய உழைச்சதோ?"

"ஓம்" என்பேன். "ஆறு படகும் நான் உழைச்சது. ஐஸ் ஆலை நான் உழைச்சது. லொறியும் நான் உழைச்சது." நெஞ்சில் தட்டிச் சொல்ல முடியாது, தையல் இன்னும் நோகிறது. அதனால் ஒரு விரலால் மெதுவாகத் தொட்டுக் காட்டுவேன். "இந்த ஆள் மட்டும் சும்மா கிடைச்சது."